புளியங்கொட்டை

அன்பு மகள் கோகிலவாணிக்கு, அப்பா சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடை ஜாஸ்மின் எழுதுவது. இங்கே நான், அம்மா, போன வாரம் ஈன்ற மாடு, கன்று எல்லாரும் சுகம். டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

தர்மபுரியைச் சேலத்திலிருந்து பிரித்துத் தனி ஜில்லாவாக்கின மறு வருஷம், நம் ஏரி பாளம் பாளமாக வெடித்த வருஷம், எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷத்துப் பஞ்சத்தைத்தான் நீ ஆராய்ச்சியில் எழுதியிருக்கிறாய். நீ அனுப்பின அத்தியாயத்தை ஜாஸ்மின் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏரி வெடித்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவள் போல எழுதியிருக்கிறாய், பெருமையாக இருந்தது. பிறகு உன் அத்தை ராமக்கா பேசிய இடம் வந்தது. பஞ்சத்தில் நிலக்கடலையை அவித்துத் தின்றோம் என்று அவள் சொன்னதாக இருக்கிறது. உன் அம்மா உடனே, பஞ்சம்னீங்க, இது கண்ணாலத்து வூட்டுப் பலகாரமால்ல இருக்குது என்றாள். அத்தை செத்தபோது அவள் பேச்சின் பதிவை நீ அம்மா போனுக்கு அனுப்பியிருந்தாய், அதைப் போட்டுக் கேட்டோம். கொட்டய அவிச்சித் தின்னோம் சாமி என்றுதான் சொல்கிறாள். கடலைக்கொட்டை இல்லை, பஞ்சத்தில் கொட்டை என்றால் புளியங்கொட்டை. வறுத்து, தோல் உரித்து, ஊறப்போட்டு, நாள் பூராவும் சட்டியில் அவித்தாலும் பல்லுக்கு அடங்காது. தின்றுவிட்டு வீட்டில் ஆறு பேரும் வயிற்றுவலியில் உருண்டோம்.

நேற்று போனில் இதைச் சொன்னதும் நீ அழுதாய். அத்தை பேச்சை ஏஐ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை ஒத்துப் பார்க்காமல் வைத்துவிட்டேன், பேராசிரியரும் பாராட்டிவிட்டார், இனிமேல் எப்படிப்பா சொல்வது என்றாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதினால் நிற்கும், அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணு, நான் எழுதத் தெரியாதவன், ஆயுசு முழுக்க அடுத்தவர் கையால்தான் எழுதியிருக்கிறேன், அது தப்பில்லை. ஆனால் மனு எழுதுகிறவர் அடியில் எழுதியவர் இன்னார் என்று பேர் போடுவார், நானும் படித்துக் காட்டாமல் ரேகை வைக்கமாட்டேன். இதிலேயே ஜாஸ்மின் பசியில் வாடினோம் என்று எழுதினாள். ஏம்மா, வாடறது செடி, நாங்க வயித்துவலில உருண்டோம், அத எழுதும்மா என்றேன். பெரியப்பாவுக்குக் கடுதாசி எழுதறது வக்கீல் வேலைய விடக் கஷ்டம் என்று சிரித்துக்கொண்டே அடித்து எழுதினாள். நீயும் அந்த இயந்திரத்தின் கையை வாங்கிக்கொள், ஆனால் பேச்சைக் கேட்டு வரிவரியாக ஒத்துப் பார், அது எழுதின இடத்தை ஆய்வேட்டில் சொல்லிவிடு. அவர்களாகக் கண்டுபிடிக்குமுன் பேராசிரியரிடம் நீயே போ. திட்டினால் வாங்கிக்கொள், திருத்த நாள் கேள், கொடுப்பார்.

என்மேலும் குற்றம் இருக்கிறது. நீ அத்தையைப் பதிவு செய்த அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று நழுவினேனே, பெற்ற மகளிடம் கொட்டை தின்ற கதையைச் சொல்ல வெட்கம். கூட உட்கார்ந்திருந்தால் இந்தச் சொல் அன்றைக்கே தெளிந்திருக்கும். பொங்கலுக்கு வா, என்னைக் கேள், என் பேரைப் போட்டே எழுது, இப்போது வெட்கமில்லை.

டாக்டர் பட்டத்தோடு நூறு வருஷம் நன்றாயிரு. காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. அத்தை பேச்சை அழித்துவிடாதே.

எழுதியவர்: ஜாஸ்மின்.

படிக்கச் சொல்லிக் கேட்டு ரேகை வைத்தவன், அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்த ஆறு பேரில் இன்னும் உயிரோடிருக்கிறவன், உன் அப்பா தர்மன்.