சாக்குக்கு ரெண்டு கிலோ

ஜூன் 16, திங்கள்

ஏழாம் வகுப்புக்கு முதல் பாடமே கணக்கு. பாதிப் பேர் கொட்டாவி, மீதிப் பேருக்கு அதற்கும் சோம்பல். தூக்கம் கலைக்க இன்றிலிருந்து ஆரம்பத்தில் ஓர் எண் புதிர். அடுத்த வாரம் ஆசிரிய ஆலோசகர் கிருஷ்ணகுமார் சேர் என் பாடத்தைப் பார்க்க வருகிறார். அவர் நல்லபடி எழுதினால்தான் என் வேலை நிரந்தரம்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று கொழுந்தை வைத்தே கேட்டேன். அம்மாவும் சித்தியும் சேர்ந்து முப்பது கிலோ எடுத்தார்கள். அம்மா ஆறு கிலோ கூட. ஆளுக்கு எத்தனை?

"பதினாறு, பத்து!" என்று எல்லோரும் ஒரே குரலில்.

மிச்சம் நாலு கிலோ எங்கே என்றேன். தனுஷிகா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அனே டீச்சர், கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்குன்னு ஆளுக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்களே. தெரியாதுங்களா?"

பலாங்கொடை டவுனில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 17

இனிமேல் புதிரில் சாக்கு கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மதுசன் எழுந்தான். "அப்ப கொழுந்த எதுல டீச்சர் கொண்டு போறது?"

ஜூன் 18

மாம்பழத்துக்கு மாறினேன். "கொரங்கு தின்னது போகவா டீச்சர்?"

கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஜூன் 20

வெறும் எண்கள். கூட்டினால் முப்பது, வித்தியாசம் ஆறு. பதினெட்டு, பன்னிரண்டு என்று சரியாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். விடட்டும்.

ஜூன் 26, வியாழன்

சேர் வந்தார். வெறும் எண் புதிர் நன்றாகவே போனது. அதோடு விட்டாரா மனுஷன்? "தோட்டத்துக் கணக்கா கேளுங்க மிஸ்" என்று தானே எழுந்தார். ரெண்டு பேர், நாற்பது கிலோ கொழுந்து, ஒருத்தர் நாலு கிலோ கூட.

"இருபது, பதினாறு!" கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒரு கொட்டாவி இல்லை.

"கூட்டல்கூடத் தெரியாதா இதுகளுக்கு?" என்று சிரித்தார். தனுஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ — "புள்ளைங்க சொன்னது சரி சேர்! சாக்குக்கு ரெண்டு ரெண்டு கிலோ கழிக்கணும்!"

கத்தினது நானா? போச்சு. எல்லாம் போச்சு. வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கக்கூடாதாடி ஷாமிளா?

ஜூலை 10

அறிக்கை வந்தது. வகுப்பின் உற்சாகம்: மிக நன்று. மாணவர் விடை: பிழை. ஆசிரியை விடை: பிழை. அடுத்த தவணை மறுபடி வந்து பார்ப்பாராம். அதுவரை நிரந்தரம் இல்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வகுப்பில் சொன்னேன். மதுசன், "வரட்டும் டீச்சர். இந்தத் தடவ மழை நாளா வெயில் நாளான்னு கேட்டுட்டுத்தான் சொல்லுவோம். மழைன்னா ஈரத்துக்கும் சேத்து மூணு கிலோ கழியும்" என்றான்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவனைத் திட்டினேன்.