அளக்காத மூன்று மாதங்கள்

என் ஜெயா அண்ணி,

போன வாரம் உங்கள் முதல் வருடத் திதி முடிந்தது. சிம்பாங் ரெங்கத்தில் அம்மா வீட்டில்தான் செய்தோம். படையலில் உங்களுக்குப் பிடித்த கெம்போங் மீன் குழம்பு இருந்தது. அண்ணன் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஏன் என்று அண்ணனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை நீங்கள் நம்பியே போய்விட்டீர்கள். இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் வீடு இரண்டாகும் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நாம் ஏழு வருடம் மெர்சிங் படகுத் துறையில், அந்த ஜெட்டியில், ஒரே குடையின் கீழ் நின்றோம். படகுகள் வந்ததும் ஒவ்வொரு படகின் கூடையிலிருந்தும் மீன் எடுப்போம். நீங்கள் பலகையில் வைத்து நீளம் சொல்வீர்கள், நான் படிவத்தில் எழுதுவேன். பிறகு வயிற்றைக் கீறி, சினை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள்.

"மேல இருக்கறத எடுக்காத சாந்தி. பெருசா பார்த்துத்தான் மேல அடுக்குவாங்க. அடியில கை விடு."

அந்த எண்களை வைத்துத்தான், முட்டையிடும் வயதுக்கு வந்த மீன் கடலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நம் மீன்வள அலுவலகத்தில் கணக்கிடுவார்கள். ஒரு தடவைகூட முட்டையிடாத மீனையே பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் கடலில் என்ன இருக்கும்? ஏழு வருடமும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி அது. உப்புத் தண்ணீரில் ஊறிய அந்தக் காகிதத்தைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்குப் போவீர்கள்.

போன வருடம் மார்ச்சில் உங்கள் முகம் மாறியது. மீன் சின்னதாக வர ஆரம்பித்திருந்தது. உங்கள் உடம்பும் அதே மாதம்தான் நோயைக் காட்டிக்கொடுத்தது. ஏப்ரலில் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணனுக்குச் சிங்கப்பூர் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. பாலம் தாண்டி அவர் வந்து சேர்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். பகலில் உங்கள் பக்கத்தில் இருக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

நான் லீவு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேறு யாரையாவது ஜெட்டிக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அலுவலகத்தில் ஏற்கெனவே ஆள் குறைவு, கேட்டால் என்ன சொல்வார்களோ என்று பயம். முதல் வாரம் இரண்டு நாள்தான் போகவில்லை. வெறும் இரண்டு நாள் என்று, முந்தின வருடப் படிவத்தை எடுத்து வைத்து, அதே எண்களை இங்கே ஒரு மில்லிமீட்டர் கூட்டி, அங்கே ஒன்று குறைத்து எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா, அண்ணி? அதுதான் இன்றைக்கும் என்னை உட்காரவிடாமல் பண்ணுகிறது. அடுத்த வாரத்திலிருந்து ஜூன் முடியும்வரை ஜெட்டிப் பக்கமே போகவில்லை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் தூங்கும்போது மீன்களின் நீளத்தை எழுதினேன்.

காலையில் ஜெட்டியில் அளந்துவிட்டுத்தான் வருகிறேன் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். ஒரு நாள் மத்தியானம் கண் விழித்துக் கேட்டீர்கள்.

"மீன் எப்படி இருக்கு சாந்தி? இன்னும் சின்னதாவா வருது?"

மடியில் இருந்த படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல அண்ணி. நல்லா இருக்கு. போன வருஷ சைஸ்தான்."

"அப்பாடா. மார்ச்சுல பார்த்துட்டு பயந்துட்டேன் லா." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைப் பார்த்ததும், நான் செய்தது சரிதான் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

ஜூலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த வருடம் மார்ச்சில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆற்று முகத்துக்கு வெளியே மீன் முட்டையிடுகிற பகுதியில், இரண்டு மாதத்துக்கு இழுவைப் படகுகளை விடாமல் நிறுத்தலாமா என்று பேசத்தான். இழுவைப் படகு முதலாளிகள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், சின்னப் படகில் வலை போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். நம் மேலதிகாரி மிஸ் லிம் திரையில் கோடு ஒன்றைக் காட்டினார். போன வருடம் முட்டையிடும் காலத்தில் மீனின் நீளம் குறையவில்லை, அதனால் இப்போதைக்கு நிறுத்தத் தேவையில்லை என்றார். அந்தக் கோட்டில் நேராகப் போன துண்டு நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது.

பாக் மாட் எழுந்தார். நமக்குத் தினமும் கூடையை இழுத்து வைத்துக் கொடுப்பாரே, அந்தச் சின்னப் படகு மீனவர்தான். மலாயில் பொறுமையாகப் பேசினார். "என் வலையில் வந்தது எல்லாம் குஞ்சு. விரல் நீளம்தான் இருந்தது. போன வருஷமே அப்படித்தான்."

முதலாளிகள் பக்கத்திலிருந்து ஒருவர், "உங்க விரல் எவ்வளவு நீளம், பாக்சிக்?" என்று, பெரியவரை மாமா என்று கூப்பிடும் மலாய் மரியாதையோடே கேட்டார். மண்டபமே சிரித்தது. பாக் மாட் தன் கையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் அவராவது அந்தச் சிரிப்பிலிருந்து தப்பியிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அலமாக், சாந்தி! ஒனக்கென்ன பைத்தியமா? வாயத் தொறக்காத. வேல போயிடும்."

"பாக் மாட்டப் பார்த்து சிரிக்கிறாங்கண்ணே."

"சிரிச்சா சிரிக்கட்டும் லா. அந்த பாரத்துல யார் பேரு இருக்கு? ஒன் பேரு மட்டுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிவத்தின் தலைப்பில் நம் இருவர் பேரும் அச்சாகியிருக்கும். நீங்கள் கட்டிலில் கிடந்த நாட்களிலும் உங்கள் பேர் அதில் இருந்தது.

"செத்துப் போனவள பொய் எழுதினவன்னு சொல்ல வைக்கப் போறியா?" என்று கேட்டார். அவருக்கு என் வேலையைப் பற்றிக் கவலையில்லை, அண்ணி. உங்கள் பேரைப் பற்றித்தான்.

பத்து நாள் அப்படியே அலைந்தேன். ஜெட்டியில் நின்று அளந்தேன். மீன் சின்னதாகத்தான் வந்தது. கீறிப் பார்த்தால் பத்தில் ஒன்றில்கூடச் சினை இல்லை. ஒவ்வொன்றாகப் பலகையில் வைக்கும்போது, போன வருடம் இதே பலகையில் வைக்காமல் விட்டவை எல்லாம் கண்ணில் வந்தன. அவை எவ்வளவு நீளம் இருந்தன? யாரோ எப்போதோ குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் மனமுருகி மன்னிப்புக் கேட்டாலும் அந்த மூன்று மாதம் திரும்பி வராது.

நீங்கள் உயிரோடு இருந்தால் எது உங்களுக்கு அதிக அவமானமாக இருந்திருக்கும்? உங்கள் பேர் கெடுவதா, அந்தக் கோடு அப்படியே நிற்பதா? நானாகவே கேட்டு நானாகவே பதில் சொல்லிக்கொண்டேன். தப்பாகச் சொன்னேனா, தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மிஸ் லிம் அறைக்குப் போனேன். சேர்த்த தேதி, ஒவ்வொரு சிகிச்சை நாள், எல்லாம் அதில் இருந்தன. மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இந்த மூணு மாசம் நான் ஒரு மீனையும் அளக்கல. எல்லாம் நானா எழுதினது. ஜெயாவுக்கு எதுவும் தெரியாது. அவங்க படுத்திருந்த நாளெல்லாம் இதுல இருக்கு."

மிஸ் லிம் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "என்கிட்ட வந்து ஆள் கேட்டிருக்கலாமே, சாந்தி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மூன்று மாதத்தை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டார்கள். நடுவில் வெறும் இடைவெளி. அதற்கு இந்தப் பக்கம், நான் மறுபடி அளக்கத் தொடங்கிய மாதங்களில், கோடு கீழே கிடந்தது. இரண்டாவது கூட்டத்தில் காரணத்தை நானே சொல்கிறேன் என்று மிஸ் லிம்மிடம் கேட்டுக்கொண்டேன். முதலாளிகள் பக்கம் சத்தம் எழுந்தது. "அப்ப இத்தன வருஷமும் பொய்தானா?" என்று ஒருவர் கத்தினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, அண்ணி. நான் கெடுத்தது மூன்று மாதம், சந்தேகமோ நீங்கள் அளந்த ஏழு வருடத்தின் மேலேயும் விழுந்தது. மிஸ் லிம் எழுந்து, பக்கத்து ஜெட்டிகளின் அளவுகளோடு நம் பழைய எண்களை ஒத்துப் பார்த்துவிட்டதாகவும், நீங்கள் அளந்தவை எல்லாம் சரியாக இருப்பதாகவும் சொன்னார். கடைசி வரிசையில் நின்ற அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை.

அடுத்த முட்டையிடும் பருவத்தில் இரண்டு மாதம் நிறுத்திப் பார்ப்பதாக முடிவானது. கேட்டதில் பாதிப் பகுதிதான். அது போதுமா, தாமதமா? யாரைக் கேட்டாலும் பார்க்கலாம் என்கிறார்கள்.

கூட்டம் முடிந்து வாசலில் பாக் மாட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"நீ மூணு மாசம் ஜெட்டிக்கு வரலன்னு எனக்குத் தெரியாதா? தினமும் அங்கதானே இருந்தேன்."

"அப்புறம் ஏன் அன்னைக்கே சொல்லல, பாக்சிக்? எல்லாரும் சிரிச்சாங்களே."

"நீ எங்க போனன்னும் எனக்குத் தெரியும்" என்றார். "அத நீதான் சொல்லணும்."

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை இன்னும் முடியவில்லை. என்னை ஜெட்டியிலிருந்து எடுத்து அலுவலக மேசையில் போட்டிருக்கிறார்கள். மற்ற ஜெட்டிகளிலிருந்து வரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். கையில் மீன் வாடை இல்லாமல் வீட்டுக்கு வருவது என்னவோ மாதிரி இருக்கிறது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதுவும் கேட்பதில்லை, டீ போட்டு முன்னால் வைக்கிறார்.

நேற்று ஒரு படிவத்தில் ஐந்து நாள் எழுதாமல் இருந்தது. அனுப்பியவருக்குப் போன் போட்டேன். மனைவிக்குப் பிரசவமாம், ஜெட்டிக்குப் போக முடியவில்லையாம். "போன மாசத்தப் பார்த்து போட்டு அனுப்பிடட்டுமாக்கா?" என்று கேட்டார். வேண்டாம் தம்பி, பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, மிஸ் லிம்மிடம் போய் அந்த ஜெட்டிக்கு மாற்று ஆள் கேட்டேன். இன்று காலை ஒருவர் போயிருக்கிறார்.

அண்ணி, இந்த வேலையில் என்னை வைத்திருப்பார்களோ இல்லையோ, அது என் கையில் இல்லை. வைத்திருக்கும் வரைக்கும், அளக்காத நாளின் கட்டத்தை வெறுமையாகவே விடுவேன். ஏன் வெறுமை என்று யார் கேட்டாலும் எழுந்து நின்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்ன,
உங்கள் நாத்தனார்
சாந்தி