அழைப்பிதழில் போடவேண்டிய உத்தியோகம்

புருசெத், ஒஸ்லோ
12.02.2003

அன்பு நளாவுக்கு,

உம்முடைய தங்கையின் கல்யாண அட்டையில் என் பெயரோடு என்ன உத்தியோகம் போடுவது என்று கேட்டிருந்தீர். மாமா இப்போதே ஊரெல்லாம் ‘விரிவுரையாளர்’ என்று சொல்லித் திரிகிறாராம்.

பல்கலைக்கழகத்தில் வேலை என்று மட்டுந்தான் நான் எழுதினேன். அது பொய்யில்லை. பேராசிரியர்கள் வருவதற்கு முன்பே நான் வந்துவிடுவேன். அவர்களிடம் ஒரு சாவி, என்னிடம் நாற்பத்தொன்று. கரும்பலகையில் அவர்கள் எழுதிய கணக்கையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் அழிக்கிறேன். பி.எஸ்சி. வீண்போகவில்லை.

மாப்பிள்ளையின் தமையனும் இங்கே விரிவுரையாளராம், விசாரித்துச் சொல்லும் என்று படம் அனுப்பியிருந்தீர். அதிகம் அலையவில்லை. அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. இவ்வளவு நாளும் ஒரே குழாயில்தான் வாளிக்குத் தண்ணீர் பிடித்திருக்கிறோம்.

படத்தைக் காட்டினேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, நான் உம்மைப் பற்றி ஊருக்கு மூச்சு விடமாட்டன். நீரும் என்னைப் பற்றி எழுதிப்போடாதையும்” என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதம் மாமாவின் கண்ணில் படக்கூடாது.

நல்ல மனிதர், நல்ல குடும்பம். தாராளமாகச் செய்யலாம்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அட்டையில் இருவரையும் விரிவுரையாளர் என்று போட்டால், அவருக்கு ‘சிரேஷ்ட விரிவுரையாளர்’ என்று போடவேண்டுமாம். நியாயந்தான். அவர் எம்.எஸ்சி., வாளியும் எனக்கு இரண்டு வருடம் முந்தித் தூக்கியவர்.

உம்முடைய,
மூன்றாம் மாடி விரிவுரையாளர்