தவராசா கேட்ட ஒரு வரி

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

ஸ்கந்தபுரத்தில் யார் செத்தாலும், முப்பத்தோராம் நாள் அவர் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை நான்தான் எழுதுகிறேன். வாழ்நாளில் ஒருமுறையும் சிரிக்காதவர்களைக்கூட "புன்முறுவல் மாறாதவர்" என்று எழுதிய பாவி நான். இன்று மத்தியானம் தவராசா வந்து, என் கதிரையில் சாய்ந்துகொண்டு, தன்னுடைய கல்வெட்டை இப்போதே எழுதித் தரச் சொன்னான். புதன்கிழமை அவனுக்கு நெஞ்சில் ஒப்பரேசன்.

"செத்த பிறகு நீ என்னத்தை எழுதுவியோ தெரியாது. நான் வாசிச்சுப் பாக்க வேணும்."

"சரி, என்ன எழுத?"

"சிநேகிதருக்குத் துரோகம் நினையாதவர் எண்டு போடு."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. நான் விரும்பிய மலரிடம், எனக்கு என் மச்சாளோடு கலியாணம் பேசி முடிந்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, ஆறு மாதத்தில் தானே அவளைக் கட்டியவன் இவன். அதைச் சொல்லிக் காட்டினேன்.

"நீ எனக்கு நன்றி சொல்ல வேணுமடா. அவளின்ர வாய்க்கு நீ ஒரு கிழமை தாக்குப்பிடிச்சிருக்க மாட்டாய்."

அது உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சல். முப்பது வருடமாக அவன் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. போகும்போது வாசல் படலையில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டான். அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். பிறப்பு, படிப்பு, வயல், வழக்கமான நாலு பொய். அவன் கேட்ட வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். ஒப்பரேசன் முடிந்து வந்து, என் முன்னால் நின்று கெஞ்சட்டும்.