சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்

ராயபுரம்
12-8-1953

சிரஞ்சீவி மாசானத்துக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்குக் குறைவில்லை. பினாங்கில் நீயும் நீலாவும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அங்கே விடாத மழை என்று எழுதியிருந்தாய், குழந்தைக்கு வெந்நீரை ஆற்றிக் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள் என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள். இங்கே மழை இல்லை. துறைமுகத்துக் கரித்தூள்தான் வழக்கம்போல் வந்து கொடியில் காயும் துணிமேல் உட்காருகிறது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பத்திரம் முடிந்ததா, அடுத்த மாதத்திலிருந்து புது விலாசத்துக்கே எழுதட்டுமா என்று கேட்டிருந்தாய். முடியவில்லை, முடிக்கப்போவதும் இல்லை. கோபப்படாமல் காரணத்தைப் படி. பின்தெருவில் பூவரச மரத்துக்கு எதிரே இருக்கும் அந்த வீட்டைத் தரகர் காட்டியபோது வாசலில் சாக்குத் திரை தொங்கியது. முஸ்லிம் வீடு, உள்ளே அந்நியருக்கு முகம் காட்டாத கோஷாப் பெண்கள் இருப்பார்கள் என்று நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தேன். குடியிருப்பவர்கள் தாங்களாகவே வேறு இடம் பார்த்துவிட்டார்கள் என்றார் தரகர். வெளியே நின்றதை நான் மரியாதை என்று நினைத்தேன், அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை அத்தாவுல்லா என்று ஒருவர் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பின்தெருவுக்கு விளக்குக் கம்பம் கேட்டு நான் எழுதிய மனுவில் முதலில் கைநாட்டு வைத்தவரும் அவர்தான். விளக்கு வந்ததும் தெருவே மாறிப்போனது உனக்குத் தெரியாது. திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலைகளின் குமாஸ்தாக்களும் மேலாளர்களும் வீடு தேடி வருகிறார்கள், வாடகை ஏறிக்கொண்டே போகிறது. அத்தாவுல்லா அதைத் தன் பாணியில் சொன்னார், கம்பத்துல லைட்டு எரிஞ்சப்பறந்தான் சார் நாங்க கலீஜா கீறது ஊட்டுக்காரரு கண்ணுக்கே தெரிஞ்சுது என்று. யாரோ கப்பல்ல போயி சம்பாரிக்கிற பார்ட்டியாம், கெட்டியா வெல குடுக்குதாம், மாசக் கடசில காலி பண்ணுன்றாரு என்றார். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். எண்ணூராண்ட குடிசை போட்டுக்கோன்றாரு, அங்க குந்திகினு இருந்தா ஆர்பர் சங்கு என் காதுல எப்டி வுழும், மேஸ்திரி ஆள் எடுக்கசொல்ல நான் வழியில நடந்து வந்துகினு இருப்பேன், அன்னிக்குக் கூலி அம்பேல் என்றார். எந்த வீடு என்று கேட்டேன். பூவரச மரத்துக்கு எதிர்வீடு என்றார்.

பேனாவை மூடிவிட்டு அவருடனேயே போனேன். அவர் உள்ளே குரல் கொடுத்துவிட்டுத் திரையை விலக்கினார். ஒரே கூடம், அதைப் பழைய புடவைகளால் தடுத்திருந்தார்கள். மூன்று அடுப்பு எரிந்தது. மூன்று அடுப்பென்றால் மூன்று குடும்பம். அந்தக் கப்பல் பார்ட்டி என் மகன்தான் என்று அங்கே நின்றுகொண்டே சொன்னேன். தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அஜீசா, அப்போ வாத்யாரு எங்க ஊட்ட அளந்துட்டுப் போவத்தான் வந்தாரா, கயிறு கொண்டாந்தாரா கேளு என்றார். சும்மா கெட என்று அவரை அடக்கிய அத்தாவுல்லா என்னைப் பார்த்து, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார், மழை பேஞ்சா நடு அடுப்பு மேலதான் ஒழுவும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பில் ஒரு விஷயம் பார்த்திருக்கிறேன். வசதியான வீட்டுப் பையன் புதிதாக வந்து சேர்ந்தால் அவனுக்கு ஜன்னலோர பெஞ்சு வேண்டும். அங்கே இருந்தவன் வாயைத் திறக்காமல் கடைசி வரிசைக்குப் போவான். அங்கிருந்து கரும்பலகை தெரியாது. பரீட்சையில் அவன் தோற்றால் மந்தம் என்று எழுதிவிடுவோம். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஆனாலும் ஒருவன் படிப்பு போய்விட்டது. நாம் வாங்கப் பார்த்தது அப்படி ஒரு பெஞ்சு.

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்க வுட்டா வேற ஆளு கொத்திகினு போவான், இந்தக் காலத்துல தர்மம் பாத்தா தெருவுலதான் நிக்கணும் என்றார். அவர் சொல்வது நடக்கலாம். அத்தாவுல்லா கேட்டபடி வாடகைக் கோர்ட்டுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது நிற்குமோ நிற்காதோ தெரியாது. ஆனால் அந்தத் திரையைப் பிடுங்குவது நம் கையாக இருக்காது. வெயிலிலும் மழையிலும் உழைத்து, சொந்த வீட்டு வாசலில் உன் பிள்ளை விளையாட வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதில் தவறே இல்லை, மகனே. அம்மாவுக்கு அன்று என்மேல் கோபம்தான். மறுநாள் காலையில், காலி மனையாகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். பார்க்கிறேன். கிடைக்கும்வரை நீ ஊருக்கு வரும்போது இந்த வாடகை வீட்டிலேயே நெருக்கிக்கொண்டு படுப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீலாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. முத்தாரம்மன் உங்களுக்குத் துணை இருப்பாள். மறக்காதே, பதிலைப் பழைய விலாசத்துக்கே எழுது.

உன் அப்பா,
உச்சிமாகாளி