நிலாவைத் தூக்கும் விரல்

மார்ச் 3, செவ்வாய்

புது மோட்டார்கள் வந்தாயிற்று. மேடைக்கு மேலே தொங்கிய கைக்கயிறுகளுக்கெல்லாம் ஓய்வு. இனி திரை, படுதா, மரநிலா எல்லாம் என் பட்டனுக்குக் கட்டுப்பட்டவை. அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஏறும், விரலை எடுத்தால் அப்படியே நிற்கும். வீட்டில் என் பேச்சைப் பூனைகூடக் கேட்பதில்லை. இங்கே நிலாவே கேட்கிறது.

அதில் உட்கார்ந்து பாடப்போவது அண்ணி. இத்தனை வருடம் கூட்டத்தோடு கோரஸ் பாடியவருக்கு முதல் தனிப்பாட்டு.

மார்ச் 4

ஒத்திகை. நிலா ஏறியது, இறங்கியது. அண்ணி "நல்லாத்தான் இருக்கு" என்றார். முகம் வெளுத்திருந்தது. பவுடர் என்று நினைத்தேன்.

மார்ச் 5

இடுப்பளவு ஏறியதும் நின்றுவிட்டது. என் பட்டன் பெட்டியின் சின்னத் திரையில் சிவப்பாக 'அதிக பாரம்'. நிலாவையும் அண்ணியையும் எடைபோட்டு, அதற்கு மேல் போனால் மோட்டார் நிற்கும்படி வைத்தது நான்தான். நேற்று ஏறியது இன்று ஏன் கனக்கிறது? அண்ணியிடமே கேட்டேன். "என்னைக் குண்டுங்கிறியா?" வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 6

மறுபடியும் நின்றது. இயக்குநர், "அளவைக் கொஞ்சம் கூட்டி வைம்மா" என்றார். மாட்டேன் என்றேன். காரணம் தெரியாமல் எப்படிக் கூட்டுவது? "அப்ப நாளைக்கும் நின்னா நிலாவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்."

வீட்டில் அண்ணன் பார்த்த பார்வை — நான் என்ன, வேணும்னேவா பண்றேன்?

மார்ச் 7

கண்டுபிடித்தேன். நிலாவின் முதுகில், துணிக்குப் பின்னால், இரண்டு மணல்மூட்டைகள்.

நிலாவைச் செய்த தச்சரைப் பிடித்தேன். திருதிருவென்று விழித்தார். "கைக்கயிறு காலத்துல ஆடாம இருக்க மணல் கட்டுவோம், அந்தப் பழக்கம்..." யார் கட்டச் சொன்னது? அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார்.

"கெளம்புறப்ப ஒரு குலுக்கு குலுக்குதுடி. உயிரே போகுது. வெளிய சொன்னா பாட்டை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

என்னிடம் சொல்லியிருக்கலாமே அண்ணி. கோபம், சிரிப்பு, பரிதாபம், மூன்றும் சேர்ந்து வந்தன எனக்கு. மூட்டைகளை அவிழ்த்தோம். மோட்டார் மெல்லக் கிளம்பி, மெல்ல வேகமெடுக்கும்படி மாற்றினேன். பட்டனை விளக்குக்காரரிடம் கொடுத்துவிட்டு, தளும்பத் தளும்பத் தேநீரோடு முதலில் நானே ஏறினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்புறம்தான் அண்ணி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆனால் ஏறினார். நிலா நிற்கவில்லை. இயக்குநர் 'ம்' என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

மார்ச் 8

இன்று ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா.

மார்ச் 10

முதல் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. என் கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது.

நிலா ஏறியது. அண்ணி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். இரண்டாம் சரணத்தில், நிலா இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கை விட்டது. அப்புறம் மற்றதும். இடுப்பில் பெல்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மூச்சை விட மறந்துபோனேன்.

மார்ச் 11

காலையிலேயே சண்டை.

"மேல போறப்ப உன்னைப் பார்த்துத்தானே கை ஆட்டினேன்? கல்லு மாதிரி நின்னே."

"எப்படி அண்ணி ஆட்டுறது? ஒரு கையில பெட்டி, இன்னொரு கை பட்டன் மேல. விரலை எடுத்தா நீங்க அங்கயே நின்னிருப்பீங்க."

"நின்னா என்ன, இன்னொரு பாட்டுப் பாடியிருப்பேன்" என்றார்.