கணப்பில் குடியிருந்த முருகன்

1996 ஜனவரி 6, சனி. வெஸ்ட் வின்ட்சர்

காலையில் வெயில். சூடில்லாத வெயில். நாளை பெரும் பனிப்புயல் என்று டி.வி.யில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். வானிலைப் படத்தைப் பார்த்தபின் நினைக்கவில்லை.

வாங்க வேண்டியவை: பால், பிரெட், டயப்பர், மெழுகுவத்தி, பாட்டரி. வாங்கி வர ஆளில்லை. மாப்பிள்ளை சரவணன் சிகாகோவில், கம்பெனி வேலை, நாளை மாலை விமானம். மகள் கவிதாவுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இங்கே கார் இல்லாமல் தீப்பெட்டிகூட வாங்க முடியாது.

எதிர்வரிசை முருகேசன் எல்லாம் வாங்கி வந்து கொடுத்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், மருந்து கம்பெனியில் என்ஜினியர். மனைவி ராஜேஸ்வரி, நாற்பது வயதிருக்கும். பத்து நாளாக அவள் வைத்த ரசமும் பூண்டுக் குழம்பும்தான் நாங்கள் சாப்பிடுவது. (பத்தியச் சமையல் எனக்கு வராது. கவிதா வாய் விட்டுச் சொல்லவில்லை.) ஆனால் ரா. ஒருநாளும் வாசற்படி தாண்டியதில்லை. பாத்திரத்தைக் கதவோரம் வைத்து, பெல் அடித்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். பிள்ளை பெற்ற வீடு, தீட்டு. பேத்தியை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கையாட்டுவாள். கவிதாவுக்கு வருத்தம். எனக்கு எரிச்சல்.

காரணம் இன்றுதான் தெரிந்தது. முருகேசன் வாசலில் நின்றபடி சொன்னார். ரா.வின் அம்மாவுக்குப் புதன்கிழமை கோவையில் இதய ஆபரேஷன். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, இப்போது போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். போக முடியாதவள், மார்கழி முதல் தேதி ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறாள். தை பிறக்கும்வரை அணையக் கூடாது.

"வீட்டுக்குள்ள ஊதுவத்தி பத்த வெச்சாலே அலாரம் கத்துதுங்க. அதனால சாமியெல்லாம் ஃபயர்பிளேஸுக்குள்ளதான். சுத்தியும் செங்கல், பயமில்லீங்க."

கணப்புக்குள் முருகன், லட்சுமி, பிள்ளையார். முன்னால் காமாட்சி விளக்கு. புகைபோக்கி வழியே காற்று இறங்கிச் சுடரை ஆட்டியதாம். அதற்கும் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

கோவைக்குப் போன் செய்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி பெயரைக் குறித்துக்கொண்டார். புதன்கிழமை போய் அவர்களோடு உட்காருகிறாராம். "அப்படியே மருதமலைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கோயிலுக்கு அழைத்து அலுத்தவர். நிருபராக நான் போனதெல்லாம் செய்தி எடுக்கத்தான். தேரோட்டம், கும்பாபிஷேகம், நெரிசல். கும்பிட்டதாக நினைவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

விடியும்போதே பனி. செங்குத்தாக விழவில்லை, படுக்கைவாட்டில் பறக்கிறது. முற்பகலுக்குள் கார்கள் மேடுகளாகிவிட்டன. சாலையில் வண்டி எடுக்கக் கூடாது என்று ரேடியோவில் அரசு உத்தரவு. விமானங்கள் இல்லை. சரவணன் விமான நிலையத்திலிருந்து பேசினார். 

சாப்பிட்டு எழுந்ததும் கரண்ட் போயிற்று. இந்தக் குடியிருப்பில் ஹீட்டர் எல்லாமே மின்சாரம். எங்கள் வரிசையில் கணப்பும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் தரை சில்லிட்டது. பேத்தியின் பாதம் பச்சைத் தண்ணீரில் வைத்தது போல். முதலில் அழுதாள். பிறகு அழுகை சிறுத்தது. பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாள். கவிதா டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தாள். உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள், சூடு உள்ள வீட்டுக்கு உடனே போங்கள், ஆம்புலன்ஸ் எப்போது வருமென்று சொல்ல முடியாது என்றாள் நர்ஸ்.

கதவு தட்டும் சத்தம். ராஜேஸ்வரி. புருஷனின் பூட்ஸ், புருஷனின் ஜாக்கெட், புருவத்தில் பனி. இரண்டடி தள்ளி நிற்கவில்லை. நேரே படுக்கையறைக்கு வந்துவிட்டாள்.

"கெளம்புங்க ஆன்ட்டி. எங்க வீட்ல தீ மூட்டிக்கலாம்."

கவிதாதான் தயங்கினாள். "அக்கா, உங்க விளக்கு அங்கதானே... எங்களுக்குத் தீட்டு வேற..."

"தீட்டு எங்கயும் ஓடிப் போயிராது கண்ணு. பனி நின்னப்புறம் பாத்துக்கலாம். கொழந்தையக் குடு."

பேத்தியை வாங்கித் தன் நெஞ்சோடு வைத்து ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டாள். எதிர்வரிசைக்குப் போக ஒரு நிமிஷம்கூட ஆகாது. இன்று வெகு நேரம் ஆயிற்று. முருகேசன் முன்னால் மண்வெட்டியோடு வழி செய்தார். நானும் கவிதாவும் அவர் காலடிக் குழிகளில் கால் வைத்து நடந்தோம்.

சாமி படங்களை ரா. ஒவ்வொன்றாக எடுத்து சோஃபாவில் சாய்த்து வைத்தாள். முருகனுக்கு மட்டும் ஒரு சால்வை. விளக்கைச் சமையல் மேடைக்குக் கொண்டுபோனாள். கராஜிலிருந்த மரப்பெட்டியை முருகேசன் உடைத்துக் கணப்பில் அடுக்கினார். தீக்குச்சி எடுத்தார்.

"தீப்பெட்டி வேண்டாங்க. இதுல இருந்தே" என்று விளக்கிலிருந்து ஒரு திரியைப் பற்றவைத்துக் கொண்டுவந்தாள் ரா.

தீ பிடித்தது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குமுன் புகை. மேலே போக வேண்டிய புகை முழுதும் கூடத்துக்குள். அலாரம் அலறியது. கவிதா குழந்தையோடு மாடிக்கு ஓடி அறையைச் சாத்திக்கொண்டாள். முருகேசன் விளக்குமாற்றால் அலாரத்தை அடித்தார். நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். வேறு வழியில்லை. உள்ளே பாய்ந்த காற்று சமையல் மேடையிலிருந்த விளக்கை ஒரே ஊதலில் அணைத்தது.

ரா. பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. முருகேசன் எரிகிற கட்டைகளை இடுக்கியால் வாணலியில் வாரிப் பின்வாசலுக்கு ஓடியபோதுதான் கத்தினாள்:

"பனியில போட்ராதீங்க! அது அந்த விளக்குத் தீங்க! அணைய விட்ராதீங்க!"

அடுத்து நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பின்வாசலில் முருகேசன் வாணலியை வைத்து, மேலே குடையை விரித்துப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தார். தலைக்கு மேல் பனிப்புயல். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஹெலன், எழுபது கடந்த அம்மாள், புகையைப் பார்த்துவிட்டுத் தீயணைப்புக் குப்பியோடு வந்து சேர்ந்தார். குப்பியை வாணலிக்கு நேராக நீட்டினார். ரா. இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தாள். "நோ, நோ, ப்ளீஸ்! திஸ் இஸ் காட்!" ஹெலன் குப்பியை இறக்கினார். குடைக்குக் கீழே இருந்த கடவுளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

முருகேசன் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஹெலன் வீட்டுப் புகைபோக்கியில் புகை. இவர் வீட்டில் ஒரு பொட்டு இல்லை.

"ராஜி! போர்வை! உள்ள போர்வை வெச்சு அடைச்சிருக்கேன்!"

சுடர் ஆடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அதுதான். ஹெலன் உள்ளே வந்து மண்வெட்டிக் காம்பைப் புகைபோக்கிக்குள் விட்டுக் குத்தி இழுத்தார். கரியோடு கரியாக ஒரு சென்னிமலைப் போர்வை வந்து விழுந்தது.

"எங்கம்மா குடுத்தனுப்புன போர்வை!" என்றாள் ரா. "மூணு வாரமா தேடறேன். சலவைக் கடைக்காரன் தொலச்சுட்டான்னு அவங்கூட சண்டையே போட்டாச்சு!"

"நீதான் விளக்கு ஆடுதுன்னு அழுதியே" என்றார் முருகேசன் வெளியிலிருந்து. குடையை விடவில்லை.

வாணலியில் இரண்டு துண்டு மட்டும் உள்ளே சிவப்பாக இருந்தது. ரா. முழங்காலிட்டு அதைக் கணப்பில் வைத்து ஊதினாள். செய்தித்தாள் சுருள், மரச்சில்லு, மறுபடி ஊதல். கண்ணிலிருந்து தண்ணீர், புகையினாலோ எதனாலோ. பற்றியது. புகை மேலே போயிற்று.

விளக்கைத் திரும்ப ஏற்றவில்லையா என்று கேட்டேன்.

"கதவு தெறந்து தெறந்து மூடப்போறோம், மறுபடி அணைஞ்சுரும் ஆன்ட்டி. கரண்ட் வர வரைக்கும் இதுதான் விளக்கு."

இருட்டுவதற்குள் பேத்தி பால் குடித்தாள். நன்றாகக் குடித்தாள். கவிதா அழுதாள். ரா. அவளை அதட்டினாள்: "அழுதா பால் கட்டிக்கும். சாப்புடு."

ஜனவரி 8, திங்கள்

பனி நிற்கவில்லை. கதவைத் திறந்தால் இடுப்பளவு சுவர்.

இன்றைய கவலை விறகு. மரப்பெட்டி தீர்ந்துவிட்டது. தீ அணைந்தால் குழந்தைக்குக் குளிர். ரா.வுக்கோ அதற்கு மேலும் ஒன்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முருகேசன் போனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

வந்தவை: ரவி, வித்யா (சென்னை, கடைசி வரிசை வீடு), பழைய காப்பி டேபிள், ஒரு கிரிக்கெட் மட்டை. ஹெலன், பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்து வந்த ஓக் விறகு, இரண்டு நடை. மேஜையின் பாலிஷ் புகை குழந்தைக்கு ஆகாது என்று அதை ஹெலன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மட்டை தேறியது.

"இதுல நான் செஞ்சுரி அடிச்சிருக்கேன்" என்றார் ரவி.

"ஆமா, டென்னிஸ் பால்ல. சின்னப் பசங்க போலிங்ல" என்றாள் வித்யா. "போடு உள்ள."

அவர்கள் வீட்டிலும் குளிர். இங்கேயே தங்கிவிட்டார்கள். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து வெண்பொங்கல். ஹெலனுக்கு மிளகு அதிகம், இருந்தும் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார். தீக்கு முறை வைத்துக்கொண்டோம். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒருவர் கண் சொருகினால் மற்றவர் எழுந்து கட்டையைத் தள்ளிவிட்டார்.

காலையில் ரா. மார்கழிப் பாட்டு பாடினாள். குரல் சுமார்தான். வித்யா சேர்ந்துகொண்டாள், கவிதாவும். இவளுக்கு இந்தப் பாட்டெல்லாம் எப்படித் தெரியும்? அப்பா சொல்லிக்கொடுத்தாராம். நான் ஆபீஸ் போன பிறகு. முடிந்ததும் ஹெலன், நேற்று சர்ச் இல்லாமல் போயிற்று, நானும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டுத் தலை குனிந்து ஒரு ஜெபம் சொன்னார். நீளமில்லை. அதில் ரா.வின் அம்மா இருந்தார், பெயரோடு. பேத்தி இருந்தாள், இன்னும் பெயரில்லாமல். சரவணனும்.

வெள்ளம், புயல், கலவரம் என்று எத்தனையோ நிவாரண முகாம்களுக்குக் குறிப்புப் புத்தகத்தோடு போயிருக்கிறேன். வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பிவிடுவேன். முகாமுக்குள் படுத்துத் தூங்குவது இதுவே முதல் தடவை. பக்கத்தில் சால்வை போர்த்திய முருகன்.

ஜனவரி 9, செவ்வாய்

பனி நின்றது. கண் கூசும் வெயில். மத்தியானம் கரண்ட். ஃபிரிட்ஜ் உறுமியது, ஹீட்டர் தடதடத்தது, எல்லாரும் கைதட்டினார்கள்.

ரா. கைதட்டவில்லை. விளக்கைத் துலக்கி, புதுத் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, கணப்பிலிருந்து ஒரு குச்சியில் தீ எடுத்து ஏற்றினாள். சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். அதன் பிறகுதான் கட்டைகளை அணைய விட்டாள். சாமியெல்லாம் இனிமேல் புத்தக அலமாரியில்தானாம்.

"ஃபயர்பிளேஸ் இந்த ஊருக்கு வேணும் ஆன்ட்டி. சாமி எங்க இருந்தாலும் சாமிதானுங்க."

நாங்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். விமானங்கள் ஒன்றிரண்டு கிளம்புகின்றனவாம். சரவணன் நாளை வரலாம்.

தீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயங்காலம் ரா. ரசம் கொண்டுவந்தாள். பெல் அடித்தாள். நேரே உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

கோவையில் புதன்கிழமை விடியும்போது இங்கே செவ்வாய் இரவு. அவள் தூங்கப் போவதில்லை.

ஜனவரி 10, புதன்

காலையில் போனேன். ரா. மேஜையருகே நாற்காலியில், விளக்குக்கு நேராக. கோவைக்கு லைன் கிடைக்கவில்லை. கண் சிவந்திருந்தது. முருகேசன் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. சோஃபாவில் சற்றுப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எண்ணெய் பாத்து ஊத்தணுங்க ஆன்ட்டி. நெறைய ஊத்துனா திரி முங்கிரும்."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். துவைத்த சென்னிமலைப் போர்வையைப் போர்த்திவிட்டேன். கரி முழுதும் போகவில்லை.

இரண்டு முறை எண்ணெய் ஊற்றினேன். ஒருமுறை திரியைத் தூண்டினேன். சுடர் தாழ்ந்தபோது வாய் தானாக ஏதோ சொல்லிற்று. என்ன சொன்னேன் என்று எழுத வரவில்லை. யாருக்காக என்று தெரியும்.

இதை எழுதும்போதே போன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். கவிதா.

"அம்மா, அப்பா ஆஸ்பத்திரி எதிர்ல பூத்லேர்ந்து பேசினார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம். கண்ணு முழிச்சுட்டாங்களாம். ராஜி அக்கா நம்பர் கிடைக்கலைன்னு இங்க போட்டார். உன்னையும் கேட்டார். அம்மா ராஜி அக்கா வீட்ல விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு இருக்கான்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'யாரு, உங்க அம்மாவா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

ரா. இன்னும் தூங்குகிறாள். போர்வைக்கு வெளியே ஒரு கை. எழுப்பப் போகிறேன்.